அஞ்ச வேண்டியது எது?

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழகத்தின் கடைசி ஊர் ஜூஜுவாடி. அதைத் தாண்டினால் கர்நாடகம். சிப்காட் ஆலைகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கே வரிசை வீடுகளில் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றை மந்திரிக்க அண்மையில் சென்றிருந்தேன். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. குழாயில் நாள்தோறும் நீர் வருவதில்லை. பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து வைத்த நீரை எண்ணி எண்ணிச் செலவிடுகின்றனர். ஆயினும் அலமாரியில் தரைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று எனக் கிருமிநாசினிப் புட்டிகள் வரிசையாக நின்றன.

மந்திரிப்பு முடிந்ததும் அவ்வீட்டுத் தாய் தயங்கியபடி கேட்டார்: "சாமி, கை கழுவுற பாட்டில் இந்த மாசம் வாங்க முடியல. சாதாரண சோப்புதான் இருக்கு. டிவியில காட்டுறதைப் பார்த்தா, பிள்ளைங்களுக்கு நானே நோயைக் கொடுக்கிறேனோன்னு பயமா இருக்கு. அது பாவமா?"

நான் பல ஆண்டுகள் அறநெறி இறையியல் படித்தவன். பாவத்திற்குரிய நிபந்தனைகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவன். ஆனால் சோப்பு வாங்க இயலாத தாயின் மனச்சான்றில் இத்தகைய உறுத்தலை விதைத்தவர் யார் என்னும் கேள்விக்கு விடை தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேடலையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கிருமிகள் கற்பனை அல்ல. கை கழுவுதல் உயிர் காக்கும் செயல். 1847-ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவமனையில் பேறுகாலத் தாய்மார் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மடிந்தபோது, செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டார். பிணங்களை அறுத்து ஆய்ந்த மருத்துவர்களும் மாணவர்களும் அதே கைகளோடு தாய்மாரைத் தொட்டனர். அவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வேண்டும் என அவர் கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்தில் 100-க்கு 18 என இருந்த தாய்மார் இறப்பு, சில மாதங்களில் 100-க்கு 2 என்னும் அளவுக்குக் குறைந்தது. ஆனால் உடன் பணியாற்றியோர் பலர் அவர்மீது சினந்தனர். காரணம் எளிது: ஆபத்து எங்கோ இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, அது உம் கையில் இருக்கிறது என்றார்.

இதை மனத்தில் இருத்திக்கொண்டு இன்றைய சின்னத்திரை விளம்பரங்களைப் பாருங்கள். அங்கே ஆபத்து எப்போதும் வெளியிலிருந்து வருகிறது. தெருவில் விளையாடும் பிள்ளையின் பந்தில், பேருந்தின் கைப்பிடியில், பக்கத்து வீட்டுக்காரரின் தும்மலில், பச்சை நிற அரக்கர்களாக அது நெளிகிறது. பிறரைக் காக்க நான் என் கையைக் கழுவிய காலம் போய், பிறரிடமிருந்து என்னைக் காக்க நான் கழுவும் காலம் வந்துவிட்டது. செயல் ஒன்றுதான், ஆனால் அதன் முகம் திரும்பிவிட்டது.

99.9 விழுக்காடு கிருமிகளை அழிக்கும் என்கிறார்களே, அது பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. தேர்ந்தெடுத்த சில கிருமிகள்மீது, ஆய்வுக்கூடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் கிடைத்த கணக்கு அது. பத்து இலட்சம் கிருமிகள் இருந்தால் ஆயிரம் எஞ்சும் என்பதும் அதே கணக்குத்தான். ஆனால் நாம் கேட்க வேண்டியது வேறு: அதனால் என் பிள்ளைக்கு நோய் குறைகிறதா? இக்கேள்விக்குத் தெளிவான விடை நம் அண்டை நாட்டிலிருந்தே வந்தது. பாகிஸ்தானின் கராச்சி நகர ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வு ஒன்று 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சோப்பால் கைகழுவும் பழக்கம் ஊக்குவிக்கப்பட்ட வீடுகளில் 15 வயதுக்குட்பட்டோரின் வயிற்றுப்போக்கு 53 விழுக்காடும், 5 வயதுக்குட்பட்டோரின் நிமோனியா 50 விழுக்காடும் குறைந்தன. சில வீடுகளுக்குக் கிருமிநாசினி சேர்த்த சோப்பும், சில வீடுகளுக்குச் சாதாரண சோப்பும் தரப்பட்டிருந்தன. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களை வீட்டுப் பயன்பாட்டுக் கழுவு சோப்புகளில் சேர்ப்பதைத் தடை செய்தது. சாதாரண சோப்பையும் நீரையும் விட அவை மேலானவை என்பதை உற்பத்தியாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பது அதன் காரணங்களுள் ஒன்று. மருத்துவமனைக்குக் கிருமிநாசினி தேவை. கிணற்று நீருக்குக் குளோரின் தேவை. நலமாயுள்ள குடும்பத்தின் கைகளுக்கு ஒரு சோப்புக்கட்டியும் ஓடும் நீரும் போதும்.

'பயமுறுத்தினால்தான் மக்கள் கைகழுவுகிறார்கள், அதில் என்ன தீங்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்விதான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று வள்ளுவரும் அறிவுறுத்துகிறார். புனித தாமஸ் அக்குவினாஸ் முன்மதியைத் தலையாய நற்பண்புகளுள் முதன்மையானதாக வைத்தார். அவரே, வரம்பு மீறிய அச்சத்தைத் துணிவுக்கு எதிரான குறையாகவும் எண்ணினார். முன்மதி நமக்கு ஒரு செயலைக் காட்டி, அதைச் செய்தபின் நம்மை அமைதியாக விட்டுவிடுகிறது. விற்பனைக்கான அச்சமோ அமைதியை அனுமதிப்பதில்லை. அமைதி வந்தால் அடுத்த புட்டி விற்காது. கைக்குப் பின் தரை, தரைக்குப் பின் துணி, துணிக்குப் பின் காய்கறி என அது வளர்ந்துகொண்டே போகும். அந்தத் தாயின் சமையற்கட்டிலேயே ஒரு மூலையில் இட்லி மாவு பொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பொங்கவைப்பவையும் நுண்ணுயிர்கள்தாமே! தயிரை உறையவைப்பவையும் அவைதாமே! எல்லாக் கிருமியும் பகை என்று நம் பாட்டிமார் எண்ணியிருந்தால் நமக்குக் காலை உணவு ஏது?

இந்த அச்சம் கிருமியோடு நின்றுவிடுவதில்லை, மனிதர்மேல் தாவுகிறது என்பதுதான் என் பெருங்கவலை. 2020 மார்ச் இறுதியில், உத்தரப் பிரதேசத்தின் பரேலி நகரில், ஊர் திரும்பிய தொழிலாளரைச் சாலையில் அமரவைத்து அவர்கள்மேல் கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். மனிதர்மீது இவ்வாறு தெளிப்பது தீங்கு என மத்திய நலவாழ்வு அமைச்சகம் அடுத்த மாதமே அறிவிக்க நேர்ந்தது. பெருந்தொற்று முடிந்தது, அந்த மனப்பான்மை முடிந்ததா?

முன்பு குறிப்பிட்ட தாய் பகலில் வேறொரு வீட்டில் வேலை செய்கிறார். அங்கே அவருக்கென்று ஒரு குவளை தனியாக வைக்கப்பட்டிருக்கிறதாம். முன்பு தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததற்குச் சாதி காரணம் என்றார்கள். இப்போது 'கிருமி' என்கிறார்கள். சொல் மாறிவிட்டது, குவளை மாறவில்லை. அந்த வீட்டார் உண்ணும் தட்டுகளை எல்லாம் நாள்தோறும் கழுவி வைப்பவை இதே கைகள்தாம் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

கைகழுவாமல் உண்ட சீடர்களைப் பற்றி எழுந்த வழக்கை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் அங்கே மருத்துவம் பேசவில்லை. மனிதரைத் தீட்டுப்படுத்துவது அவர் உள்ளத்திலிருந்து புறப்படுவதே என்றார். அதே நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், எவரும் தொடாத தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கினார்.

நமக்கு உண்மையில் தேவையானவை எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் உள்ள புளோரைடு, பற்களைக் கறைப்படுத்தும், எலும்பை முடக்கும். எந்தக் கிருமிநாசினியும் அதை நீக்காது, கொதிக்கவைத்தாலும் போகாது. அதற்குத் தீர்வாகத் தொடங்கப்பட்டதே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. புட்டியில் அடைத்து விற்க முடியாத பொது நன்மை அது. மறுபுறம், பெங்களூரின் கழிவுநீரும் சோப்பு நீரும் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை மலைபோல் நுரைத்துப் பொங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒருவர் வீட்டின் தூய்மை மற்றவர் ஆற்றின் அழுக்காகிறது.

அன்று அந்தத் தாயிடம் சொன்னேன்: "பாவம் இல்லையம்மா. சோப்புப் போதும். பிள்ளைகள் சாப்பிடுமுன்னும், கழிப்பறை போய் வந்தபின்னும் நன்றாகத் தேய்த்துக் கழுவட்டும். மிச்சக் காசில் பால் வாங்கிக் கொடுங்கள்." அவர் முகம் தெளிந்தது. பிறகு எனக்குத் தேநீர் கொண்டுவந்தார், வீட்டார் அனைவரும் குடிக்கும் அதே குவளைகளுள் ஒன்றில்.

அன்பு வாசகர்களே, நம் தெருவுக்கு நாள்தோறும் குடிநீர் வர வேண்டும் என்று சேர்ந்து கேட்போம். நாளைக் காலை உங்கள் வீட்டு வேலைக்கு ஒருவர் வந்தால், அவருக்குத் தேநீர் ஊற்றுமுன் எந்தக் குவளையை எடுக்கிறீர்கள் என்பதையும் சற்று நின்று பாருங்கள்.