கல்யாணச் சாவுன்னா அழக் கூடாதா?



மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் எண்பது தொண்ணூறு வயசுத் தாத்தா ஒருத்தர் காலமானால், துக்கம் விசாரிக்க வர்றவங்க வாயில் பெரும்பாலும் இந்தப் பேச்சுதான் வரும். "கல்யாணச் சாவுங்க. பேரன் பேத்தி எல்லாம் பார்த்துட்டார். படுக்கையில் கிடக்காமப் போயிட்டார். இதுக்குப் போய் அழலாமா?" ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இது சரிதானா என்று நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெரியவர் சாவுக்கு நம் வழக்கத்தில் தனி மரியாதை உண்டு. பல குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் கொடுத்துத் தாத்தாவைச் சுற்றி வரச் செய்வார்கள். பூ அலங்கார வண்டியில் கண்ணம்மாபேட்டைக்கோ பெசன்ட் நகருக்கோ கொண்டு போவார்கள். "உங்களால் வந்த விளக்கு நாங்கள்" என்று பிள்ளைகள் சொல்கிற நன்றிதான் அந்தப் பந்தம். அழாதே என்ற உத்தரவு அதில் இல்லை. பந்தம் பிடிக்கிற குழந்தைக்கும் கண் கலங்கத்தான் செய்யும்.

"அழுதா ஆத்மா சாந்தி அடையாது" என்று சிலர் சொல்வார்கள். அருணகிரிநாதர் திருப்புகழில் எத்தனையோ இடங்களில் உயிர் பிரிகிற நேரத்தையும், உறவினர் சுற்றி நின்று அழுவதையும் பாடியிருக்கிறார். அந்த அழுகையை நிறுத்து என்று அவர் முருகனிடம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் மயில் மேல் வந்து நில் என்றுதான் கேட்கிறார். பயத்துக்குத் துணை கேட்டார். பாசத்தை மறைக்கச் சொல்லவில்லை.

2013 மே 25 அன்று டி.எம்.சௌந்தரராஜன் மந்தைவெளி வீட்டில் காலமானார். தொண்ணூறைத் தாண்டிய நிறைவாழ்வு. ஆனாலும் கிருத்திகைக்கும் தைப்பூசத்துக்கும் அவர் குரலைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு, சொந்தத் தாத்தா போன மாதிரிதான் இருந்தது. ரொம்ப வருஷம் கூட இருந்தவர் போனால், விட்டுப் போகிற இடமும் பெரிசாகத்தானே இருக்கும்? வயசாயிடுச்சு என்பதால் வலி குறைவதில்லை.

முக்கியமாகப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். அறுபது வருஷம் ஒன்றாக இருந்தவர். நாளைக்குக் காலையில் காபி கலக்கும்போதும் கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கும். நமக்குத்தான் இது கல்யாணச் சாவு. அவருக்கோ கல்யாணமே முடிந்துபோன சாவு. அந்த வார்த்தையைப் பாட்டியே சொன்னால் அது நிறைவு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த நாம் சொன்னால், "சீக்கிரம் கண்ணைத் துடைச்சுக்கோங்க, எங்களுக்குச் சங்கடமா இருக்கு" என்றுதான் அவர் காதில் விழும்.

அதே மாதிரி, அழாதவரையும் குறை சொல்ல வேண்டாம். ஃப்ரீசர் பாக்ஸில் தாத்தாவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருப்பார்கள். அமெரிக்காவிலிருந்து ஓடி வருகிற பேரன் கல்லு மாதிரி நிற்பான். "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே" என்று பின்னால் பேசுவார்கள். அவனுக்கு அழுகை வர ஆறு மாசம் ஆகலாம். யார் எப்போது அழ வேண்டும் என்று அளக்கிற வேலை நம்முடையது இல்லை.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? நெற்றியில் நீறு பூசிக்கொண்டு போய்ச் சும்மா பக்கத்தில் உட்காரலாம். தாத்தாவைப் பற்றி ஒரே கதையைப் பத்தாவது தடவை சொன்னாலும் கேட்கலாம். பதின்மூன்றாம் நாளோ பதினாறாம் நாளோ, காரியம் முடிந்ததும் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், வீடு வெறிச்சோடிவிடும். அதற்கு மறுநாள் போய்க் கதவைத் தட்டுங்கள். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டிக்கு ஆள் தேவை.

வேலும் மயிலும் துணை!