இருவகைத் தீ



சென்ற பௌர்ணமியன்று ஈஜிபுராவில் நாம் கூடியிருந்தபோது இளைஞரொருவர் ஓர் ஐயம் வினவினார். ஆங்கிலத் தம்ம நூல்களில் ஓரிடத்தே வேட்கையைத் தீயென்றும், அது அவிதலே நிப்பாணமென்றும் கண்டிருக்கின்றது. பிறிதோரிடத்தே பிக்கு ‘ஆர்டென்ட்’ ஆக இருத்தல் வேண்டுமென்று காண்கின்றது. அகராதியோ அதன் பெயர்வடிவாகிய ‘ஆர்டர்’ என்பதற்குக் கடுவேட்கை, காதல் வெம்மை எனப் பொருள் கூறுகின்றது. அவிக்கச் சொன்னதையே மூட்டவும் சொல்லலாமோ என்றார்.

கட்டளையைக் குறிக்கும் ஆர்டர் வேறு. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாய்த் தோன்றும். ஒலியொப்புமை கண்டு நம் ‘ஆர்வ’த்தோடு உறவு கற்பித்தலும் பிழையாம். எரிதலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்று பிறந்தது இச்சொல்.

பகவன் கயாசீசத்தில், முன்பு தீ வளர்த்து வழிபட்ட ஜடிலர் ஆயிரவரை நோக்கி, கண்ணும் செவியும் நாவும் மனமும் எரிகின்றன என்று காட்டியருளினார். எரிப்பன இராகம், துவேஷம், மோகம் என்னும் மூன்று. மணிமேகலை மீது உதயகுமரன் கொண்ட தாபம் இவ்வகைத்தே. அவள் காயசண்டிகையின் வடிவு கொண்டபோதும் அவன் விடாது பின்தொடர்ந்தான். தன் மனைவியை நாடி வந்தானென மயங்கிய காஞ்சனன் அவனை வாளால் வெட்டினான். ஒருவனை இராகம் எரித்தது. மற்றவனைத் துவேஷம் எரித்தது.

சதிபட்டான சூத்திரத்தில் ‘ஆர்டென்ட்’ என மொழிபெயர்க்கப்பட்ட பாலிச் சொல் ‘ஆதாபீ’ என்பதாம். தபித்தல், அஃதாவது சுடுதல், என்னும் அடியிற் பிறந்தது அது. விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர், ஆதாபமென்பது வீரியமே என்றும், கிலேசங்களைச் சுட்டெரித்தலின் அப்பெயர் பெற்றதென்றும் விளக்கினார். முன்னது பிறிதொன்றைப் பற்றி நம்மை எரிப்பது. பின்னது நம் மாசினை எரிப்பது. இரண்டினையும் ஒரு சொல்லால் சுட்ட நேர்ந்தது மொழிபெயர்ப்பாளர் குற்றமன்று.

ஆயினும் அவ்வீரியமும் அளவு கடத்தலாகாது. சோணர் என்னும் பிக்கு பாதங்களிற் குருதி சொரிய நடை பயின்றும் பயன் காணாது, இல்லறத்திற்கே மீள எண்ணினார். அவர் முன்னாளில் வீணை வல்லவர். நரம்பு மிக இறுகினும் மிகத் தளரினும் இசை பிறவாதென்பதைப் பகவன் அவர் வாயாலேயே சொல்லுவித்தார்.

இத்தனையும் கேட்ட பின்னரே அவ்விளைஞர் தம் மெய்யான வினாவை வெளியிட்டார். 2013 ஜனவரியில் ஈஜிபுராவின் நலிந்த பிரிவினர் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது ஆயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. அப்போது அவர் சிறுவர். அன்று நெஞ்சில் மூண்டதையும் அவித்தல் வேண்டுமோ என்றார்.

உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை. பின்னர்ச் சொன்னோம்: இடித்தவர் அழிய வேண்டுமென்று எரிவது துவேஷம், அது இரவுதோறும் நும் உறக்கத்தையே உண்ணும். இனியொரு வீடு இடியாதிருக்க வேண்டுமென்று காலையில் எழுப்புவது ஆதாபம். பாபாசாகேப் அம்பேத்கர் 1935 இல் யேவலாவில், தாம் இந்துவாக இறப்பதில்லை என அறிவித்தார். 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் திரிசரணம் ஏற்றார். இடைப்பட்ட 21 ஆண்டுகளும் அவர்பால் அவ்வெம்மை தணிந்ததில்லை. அது அவரைப் படிக்கவும் ஆராயவும் செய்தது.

அவர் முழுதும் ஒப்பினாரல்லர். தம் அன்னையார் துணிமூட்டையிற் காத்துவைத்துள்ள பழைய வீட்டுத் தாள்களை அடுத்த பௌர்ணமிக்குக் கொணர்வதாகவும், அவற்றைப் படித்துச் சொல்ல யாரேனும் வேண்டுமென்றும் கூறிச் சென்றார்.