பழைய இன்ஜினின் உயிர் எங்கே இருக்கிறது?

1876-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில் ஓட ஆரம்பித்தது. சென்னையில் ஏறியவர்கள் தூத்துக்குடியில் இறங்கி, கப்பலேறிக் கொழும்பு போனார்கள். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் போய் ஏறுவார்கள். ரயிலையும் கப்பலையும் ஒரே பயணமாக இணைத்த இந்த வழிக்குப் ‘போட் மெயில்’ என்று பெயர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி, திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டுச் சின்ன ரயில் ஒன்றை ஓட்டியது. அதுவும் 1940 வாக்கில் நின்றுபோனது.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு இன்றும் சரக்கு ரயில்கள் வந்து போகின்றன. போட் மெயிலை இழுத்து வந்த இன்ஜினை இந்தக் கரையில் பார்க்க வழியில்லை. பழைய இன்ஜின்களையும் பெட்டிகளையும் பார்க்க விரும்புகிறவர் சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கோ, திருச்சி ரயில்வே பாரம்பரிய மையத்துக்கோ, மேட்டுப்பாளையத்துக்கோ, டெல்லி சாணக்கியபுரிக்கோ போக வேண்டும். அங்கெல்லாம் நிற்கும் இரும்பு உருவங்கள் ஒரு பழைய கேள்வியைப் புதிதாகக் கேட்க வைக்கின்றன. உறுப்புகளை மாற்றி ஓட வைத்தால் அது அதே இன்ஜின்தானா? மாற்றாமல் ஓரிடத்தில் நிறுத்திவைத்தால் அதை இன்ஜின் என்று சொல்லலாமா?

இந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் நிறுவனம் செய்து அனுப்பிய இரண்டு இன்ஜின்கள் கிழக்கிந்திய ரயில்வேயில் சேர்ந்தன. 22-ஆம் எண் இன்ஜின் ‘ஃபேரி குயின்’, 21-ஆம் எண் ‘எக்ஸ்பிரஸ்’. இரண்டும் 1909-இல் ஓய்வுபெற்றன. ஃபேரி குயினை 1997-இல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் மீண்டும் ஓட வைத்தது. உலகில் வழக்கமான சேவையில் இருக்கும் மிகப் பழைய நீராவி இன்ஜின் என்று மறு ஆண்டே கின்னஸ் அதைப் பதிவு செய்தது. பிற்பாடு அதன் உறுப்புகள் பல திருடுபோயின. பெரம்பூர்த் தொழிலாளர்கள் புதுக் கொதிகலன் பொருத்தி அதை மறுபடியும் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். எக்ஸ்பிரஸ் நூறாண்டுக்காலம் காட்சிப் பொருளாக நின்றுவிட்டு, துருவேறிய கூடாகப் பெரம்பூருக்கு வந்தது. காணாமல்போன உறுப்புகளைப் புதிதாகச் செய்து மாட்டினார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று அது ஓடியது. அதன்பின் சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களில் எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே ஓடியிருக்கிறது; தென்கோடியில் நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதையிலும் புகைவிட்டிருக்கிறது.

அந்த இன்ஜின் 1855-ஐச் சேர்ந்ததா, 2010-ஐச் சேர்ந்ததா?

கிரேக்கர்கள் இதைக் கப்பலை வைத்துக் கேட்டார்கள். வீரன் தீசியஸ் பயணம் செய்த கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்தார்கள். மக்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகையை அடித்துக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பல் என்று ஒரு சாராரும் வேறு கப்பல் என்று ஒரு சாராரும் வாதிட்டதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் சிக்கலை இன்னும் இறுக்கினார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்?

நம் நாட்டில் இதே விவாதம் ரதத்தை வைத்து நடந்தது. மிலிந்த மன்னனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்த உரையாடலைப் பாலி நூலான ‘மிலிந்தபஞ்ஹா’ பதிவு செய்திருக்கிறது. ரதத்தில் வந்திறங்கிய மன்னனிடம் நாகசேனர், அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே மன்னன் பதில் சொல்கிறான். உறுப்புகள் சேர்ந்திருக்கும் நிலைக்கு நாம் வைத்த பெயர்தான் ரதம். அதற்குள் ரதம் என்று தனியாக ஒரு பொருள் ஒளிந்திருக்கவில்லை என்பது துறவியின் முடிவு. சைவ சித்தாந்தம் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. உடல் அழியும், ஆன்மா நித்தியம் என்பது அதன் நிலை. ஆனால் இரும்புக்கு ஆன்மா உண்டென்று எந்தச் சித்தாந்தியும் சொல்லமாட்டார். ஆகவே இன்ஜின் விஷயத்தில் இரண்டு தரிசனங்களும் நம்மைப் பாதி வழியில் விட்டுவிடுகின்றன.

மீதி வழியைத் தூத்துக்குடிக் கரையின் நடைமுறை காட்டுகிறது.

பழைய துறைமுகத்தில் நிற்கும் தோணியை எடுத்துக்கொள்ளலாம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன மரத்தோணிகள் இந்த ஊரின் பெருமை. தோணியைக் கரையேற்றியதும் தச்சர்கள் பலகை பலகையாகத் தட்டிப் பார்ப்பார்கள். உளுத்த பலகை கழற்றப்படும், புதுப் பலகை வளைத்துப் பொருத்தப்படும். இரண்டு பலகைகளுக்கு இடையிலான இடுக்கில் பஞ்சுத் திரியை உளிவைத்து அடித்து இறக்கி, மேலே எண்ணெயும் குங்கிலியமும் கலந்த பூச்சைத் தடவுவார்கள். கலப்பத்து அடிப்பது என்று அந்த வேலைக்குப் பெயர். முதலில் போட்ட பலகை எத்தனை மிச்சம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பெயரும் அதுதான், தொழிலும் அதுதான், கட்டுகிற முறையும் அதுதான். ஆகவே தோணியும் அதுதான்.

கோயிலில் இந்த எண்ணத்துக்குச் சடங்கின் உறுதி கிடைக்கிறது. திருச்செந்தூர் முருகன் கோயில் முன்பு மணற்கல்லால் ஆனது. கடற்காற்று கல்லை அரித்தது. மௌன சுவாமி தொடங்கி, காசி சுவாமி தொடர்ந்து, ஆறுமுக சுவாமி முடித்த திருப்பணியில் கோயில் கருங்கல்லில் எழுந்தது. 1941-இல் கும்பாபிஷேகம் நடந்தது. அண்மையில் 2025 ஜூலை 7 அன்று மீண்டும் கும்பாபிஷேகம். இப்படிப்பட்ட திருப்பணிக்கு முன்னால் பாலாலயம் செய்து இறைசக்தியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். வேலை முடிந்ததும் யாகசாலையில் பூஜித்த கும்பநீரை ஊற்றி அந்தச் சக்தியை மூலத்தானத்தில் நிறுத்துகிறார்கள். கல் மாறலாம், வழிபாட்டின் தொடர்ச்சி அறுபடக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். கோயில் புதிது என்று பக்தர் எவரும் சொல்வதில்லை.

இதே மனம் கிறிஸ்தவத் தேரிலும் இருக்கிறது. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தின் தங்கத்தேர் முதன்முதலில் 1806-இல் ஓடியது. இந்துக் கோயில் தேரின் சாயலில், பரதவ சமூகம் தன் அன்னைக்குச் செய்த தேர் அது. ஆண்டுதோறும் ஓடுவதில்லை, 2013 ஆகஸ்ட் 5-க்குப் பிறகு 2023 ஆகஸ்ட் 5 அன்றுதான் ஓடியது. ஒவ்வொரு முறையும் மரவேலை சரிபார்க்கப்பட்டு, தங்கத் தாள் புதிதாக ஒட்டப்படுகிறது. வடம் பிடிப்பவர்களுக்கு அது பாட்டனும் பூட்டனும் இழுத்த அதே தேர். திருவாரூர் ஆழித்தேருக்கு இன்று இரும்பு அச்சும், திருச்சி பெல் நிறுவனம் தந்த ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று ஆகிவிடவில்லை.

ஆனால் இந்தக் கரைக்கு இன்னொரு மரபும் தெரியும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் 1552-இல் சீனக் கடலோரத் தீவில் இறந்தார். அவருடைய உடல் கோவாவின் பொம் ஜேசு பேராலயத்தில் பாதுகாக்கப்படுகிறது; பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் அருகில் சென்று வணங்குகிறார்கள். அங்கே மாற்றுப் பொருளுக்கு இடமே இல்லை. அந்த உடல் அதே உடலாக இருப்பதால்தான் மணப்பாட்டிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மக்கள் போகிறார்கள். புதுப்பித்துப் பேணுவது ஒரு பக்தி என்றால், இருந்தபடியே பேணுவது மற்றொரு பக்தி. இரண்டும் ஒரே குடும்பத்தில், ஒரே வீட்டில் வாழ்கின்றன.

பழைய ரயில் வண்டிகளுக்கு எந்த பக்தி பொருந்தும் என்பதை அந்தந்தப் பொருள் செய்த காரியத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

சில பொருட்கள் சாட்சிகள். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார்; காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. 1908-இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, 1911-க்குள் கம்பெனியும் முடங்கியது. கப்பல்கள் கைவிட்டுப் போயின. மிஞ்சியது கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு. அந்தக் கல்செக்கில் ஒரு விரிசலை அடைத்து மெருகேற்றினாலும் அது சொல்கிற செய்தி குறைந்துவிடும். அது எண்ணெய் ஆட்ட வேண்டியதில்லை, உள்ளபடி இருந்தால் போதும்.

ரயில் பெட்டிகளிலும் சாட்சிகள் உண்டு. 1911 ஜூன் 17 அன்று, கொடைக்கானலுக்குப் புறப்பட்ட கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியிலிருந்து வந்து, போட் மெயில் இணைப்புக்காக மணியாச்சியில் காத்திருந்தார். முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தவரை விடுதலைப் போராளி வாஞ்சிநாதன் சுட்டார். பின் தன்னையும் சுட்டுக்கொண்டார். நிலையத்துக்கு இன்று ‘வாஞ்சி மணியாச்சி’ என்று பெயர் இருக்கிறது, அந்தப் பெட்டியை அங்கே காண முடியாது. பத்தாண்டு கழித்து, 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சிக் கைதிகளைத் திரூரில் மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது மூச்சுத் திணறிப் பலர் இறந்து கிடந்தார்கள். இறந்தோர் மொத்தம் அறுபதுக்கும் மேல். போலந்தில் நாஜிகள் அமைத்த பிர்கெனாவ் வதை முகாமில், மக்களை இறக்கிய தண்டவாளத்தின் மேல் அந்தக் காலத்துச் சரக்குப் பெட்டி ஒன்றை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதற்குப் புது வண்ணம் பூச வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, தோன்றவும் கூடாது.

மற்ற பொருட்கள் உழைப்பாளிகள். நீலகிரி மலைப்பாதையின் எக்ஸ் வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு கல்லாறிலிருந்து குன்னூர்வரை ஏறுகின்றன. அவை தேய்ந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகையில் புது இன்ஜின்களைச் செய்து 2011 முதல் மலைக்கு அனுப்பியது. 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றிருந்தது. புது இன்ஜின் வந்ததால் அந்தப் பெருமைக்குக் குறைவு வரவில்லை. சக்கரம் ஏறிப் போக வேண்டும், அதை ஏற்றத் தெரிந்த டிரைவரும் ஃபயர்மேனும் ஃபிட்டரும் இருக்க வேண்டும். பொன்மலையிலும் பெரம்பூரிலும் பேணப்படுவது அந்தக் கைத்திறன். ஃபேரி குயினின் உயிர் அதன் பழைய தகட்டில் இருந்ததைவிட, ரிவெட் அடிக்கவும் நீராவி அழுத்தம் பார்க்கவும் தெரிந்த தொழிலாளியின் கையில்தான் அதிகம் இருந்தது.

ஒரே பொருள் சாட்சியாகவும் உழைப்பாளியாகவும் இருந்தால் என்ன செய்வது? 1857 எழுச்சியின்போது சிப்பாய்களை அடக்கப் போன படைகளை ஏற்றிய ரயில்களையும் ஃபேரி குயின் இழுத்திருக்கிறது. ஓடும்போது அந்த வரலாற்றைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. ஓட்டினால் மூல உறுப்பும் தேய்கிறது. இந்த ஆட்சேபம் நியாயமானது. இங்கிலாந்து ஒரு வழி கண்டது. ஸ்டீபன்சனின் 1829-ஆம் ஆண்டு ‘ராக்கெட்’ அருங்காட்சியகத்தில் அசையாமல் நிற்கிறது. 1979-இல் செய்த அதன் நகல் புகைவிட்டு ஓடியிருக்கிறது. எது மூலம், எது நகல் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஹாப்ஸ் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் அந்த வெளிப்படைத்தன்மையில் இருக்கிறது. மாற்றுவது குற்றமில்லை; மாற்றியதை மறைப்பதுதான் குற்றம்.

இரண்டிலும் சேராத நிலைதான் உண்மையான இழப்பு. பல ஊர்களில் நிலையத்து வாசலிலும் அலுவலக முற்றத்திலும் மேடை கட்டி ஏற்றிய இன்ஜின்கள் நிற்கின்றன. பிஸ்டன் தண்டின்மேலும் எண் பலகையின்மேலும் வெள்ளிப் பெயின்ட், அதன்மேல் மறு ஆண்டுப் பெயின்ட். எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை, எந்தப் பாதை என்ற விவரம் பலவற்றில் இல்லை. ஓடும் உரிமையை எடுத்துவிட்டு, சாட்சி சொல்லும் உரிமையையும் பெயின்டால் மூடிவிட்டால் மிஞ்சுவது வெறும் இரும்பு.

தூத்துக்குடிக்கு ரயில் வந்து 150 ஆண்டுகள் 2026-இல் நிறைகின்றன. தென்னக ரயில்வேயும் துறைமுக ஆணையமும் மாநகராட்சியும் சேர்ந்து இரண்டு காரியங்கள் செய்யலாம். பழைய துறைமுகத்தருகே போட் மெயிலுக்கும் சுதேசிக் கப்பலுக்கும் ஒரு சிறு காட்சியகம் அமைக்கலாம். அங்கே வைக்கும் ஒவ்வொரு இன்ஜினிலும் பெட்டியிலும் எது பழையது, எது புதியது என்று தமிழில் எழுதிவைக்கலாம். விழா நாளில் எக்ஸ்பிரஸ் இன்ஜினை மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி வரை ஒருமுறை ஓட்டலாம். இந்தக் கரையின் மக்கள் தேரையும் தோணியையும் காத்தவர்கள். இந்தக் கோரிக்கையை அவர்கள் எழுத்தில் கொடுத்தால் ரயில்வே தட்டிக்கழிக்க முடியாது.