ஓடிவராத தகப்பன்

லூக்கா சொல்லும் கெட்ட குமாரன் கதையில், தூரதேசத்தில் பன்றி மேய்த்த மகன் வீடு திரும்புகிறான். அவன் வாய் திறக்கும் முன்பே தகப்பன் தொலைவில் கண்டு, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். மன்னித்தது பெரிதுதான். அதைவிடப் பெரிது, வயதான மனிதன் ஊர் பார்க்க ஓடிய அந்த ஓட்டம்.

நாவலாசிரியர் ப. சிங்காரத்துக்காக மதுரையில் அப்படி யாரும் ஓடவில்லை.

சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, மதுரை செயின்ட் மேரீஸ் பள்ளியில் படித்து, 1938இல் கப்பலேறியவர். சுமத்ராவின் மேடானில் வட்டிக்கடை வேலை. மனைவியும் குழந்தையும் பிரசவத்திலேயே போய்விட்டார்கள். 1946இல் திரும்பி வந்து, மதுரை தினத்தந்தியில் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். ‘கடலுக்கு அப்பால்’ நாவல் கலைமகள் பரிசு பெற்று 1959இல் வந்தது. அடுத்து எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ பத்தாண்டு காத்துக் கிடந்து 1972இல்தான் அச்சேறியது. மூன்றாவது நாவல் இல்லை.

சிங்காரம் கிறிஸ்தவர் அல்ல. வேதத்தை மனத்தில் வைத்து எழுதினார் என்று சொல்லவும் முடியாது. ஆனாலும் ‘புயலிலே ஒரு தோணி’ என்ற தலைப்பைக் கேட்டதும் கலிலேயாக் கடல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அங்கே படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கிய இயேசு எழுந்து காற்றை அதட்டுகிறார், கடல் அடங்குகிறது. சிங்காரத்தின் நாவலில் வரும் தொங்கான் கப்பலில் அதட்ட ஆளில்லை. வானும் கடலும் ஒன்றாகி அடித்து நொறுக்குகின்றன, பிறகு தாமாகவே ஓய்கின்றன. பிழைத்தவன் பிழைத்தான், அவ்வளவுதான். நாயகன் பாண்டியனும் தூரதேசத்து மகன்தான். மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்தையும் நினைத்து உருகுகிறான். ஆனால் வீடு சேராமலே அந்நிய மண்ணில் சாகிறான். உவமை தலைகீழாகிவிடுகிறது.

பாண்டியன் திரும்பவில்லை. அவனைப் படைத்தவர் திரும்பினார், பின்னர் ஒரு பெரும் நாவலையும் தந்தார். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது குற்றமா? யாரும் அவர்மேல் கல்லெறியவில்லை, புத்தகத்தை எரிக்கவில்லை. ரஷ்ய எழுத்தாளர் லெஸ்கோவின் கதை வேறு. பாதிரிமாரையும் நாட்டுப்புற பக்தர்களையும் அத்தனை நெருக்கமாக எழுதிய அவரை, முற்போக்கு விமர்சகர்கள் தெரிந்தே ஒதுக்கினார்கள். சிங்காரத்துக்குப் பகைவர் என்று சொல்லக்கூட ஆளில்லை.

பகை இல்லாத இடத்தில் பழியும் இல்லை என்று வாதிடலாம். எந்த வாசகனாலும் எல்லாவற்றையும் படித்துவிட முடியாது. விற்குமா என்று பதிப்பாளர் யோசிப்பதும் பிழைப்பு சார்ந்த நியாயமே. ஆனால் நல்ல சமாரியன் கதையில் ஆசாரியனும் லேவியனும் யாரையும் அடிக்கவில்லை. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு பக்கமாய் விலகிப் போனார்கள், அவ்வளவே. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதையும் வள்ளுவர் கேட்டின் கணக்கில்தான் வைக்கிறார். இந்தக் கணக்கில் சாதாரண வாசகனைச் சேர்ப்பது நியாயமில்லை. கைப்பிரதியைத் திருப்பித் தருமுன் முழுக்கப் படிப்பதும், வந்த நூலைப் பற்றி நாலு வரி எழுதுவதும் எவருடைய வேலையாக இருந்ததோ, அவர்கள் விலகிப் போனவர்கள். வேலை மிகுதி லேவியனுக்கும் இருந்திருக்கும்.

இன்று பாராட்டுக் குறைவில்லை. தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று என்கிறார்கள்; மறுபதிப்புகள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் அது நாவலுக்குக் கிடைத்த நீதி. விடுதி அறையில் எழுதுவதை நிறுத்திக்கொண்ட மனிதருக்குச் சேர வேண்டியதை இனி எவராலும் கொடுக்க முடியாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி மனம் ஆறுதல் தேடுவது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

சிங்காரம் 1997 டிசம்பரில் இறந்தார். வாழ்நாள் சேமிப்பான சுமார் ஏழு லட்ச ரூபாயை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று மதுரை நாடார் மகாஜன சங்கத்திடம் கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளைகள் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர்கள் வந்து கேட்கும்வரை அவர் காத்திருக்கவும் இல்லை.