எண்ணியது எதனை?

குடிசைப் பகுதிக்கு ஊர்தி வந்தது, மருத்துவர் வந்தார், மாத்திரை வழங்கப்பட்டது, மறுநாள் ஏட்டிலே எண்ணிக்கை ஏறிற்று. ஆயிரம் பேருக்கு மருந்தளித்தோம் என்கிறது அறிக்கை. கொடுத்த கரத்தை அளந்துவிட்டார்கள்; பெற்ற உடலை அளந்தார்களா? நோய் குறைந்ததா? சாவு குறைந்ததா? கேட்டால், ஏழைக்குச் செய்யும் தொண்டிலே குற்றம் காண்பதா என்று சீறுவோர் உண்டு. ஏழைக்கு ஏதோ ஒன்று போதும் என்ற எண்ணமன்றோ அந்தச் சீற்றத்துக்குள் ஒளிந்திருப்பது!

அளந்து பார்த்த இடமொன்று உண்டு. மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலி, காடும் வறுமையும் சூழ்ந்த மாவட்டம். அபய் பங், ராணி பங் எனும் மருத்துவத் தம்பதியர், பச்சிளங் குழந்தைகளின் சாவைத் தடுக்க அங்கே 1995இல் ஒரு முறையைத் தொடங்கினர். ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்தனர். வீடு தேடிச் சென்று குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கவும், மூச்சுத் திணறினால் உதவவும், கிருமித் தொற்று கண்டால் ஜென்டாமைசின் ஊசி போடவும் அப்பெண்கள் கற்றனர். பட்டம் பெறாத பெண்ணின் கையில் ஊசியா என்று புருவம் நெரிக்கும் மேதாவிகளுக்கு எண்களே விடை கூறின. 39 ஊர்களில், பிறந்து 28 நாளுக்குள் மடியும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62 ஆக இருந்தது, மூன்றாம் ஆண்டிலே 25.5 ஆயிற்று.

அந்த விடைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 47 ஊர்கள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. வழக்கமான அரசு மருத்துவ வசதி மட்டுமே அங்கே. பிறந்தவை எண்ணப்பட்டன, இறந்தவையும் எண்ணப்பட்டன, புதிய காப்பு மட்டும் செல்லவில்லை. "என் பிள்ளையை எண்ணத் தெரிந்த உங்களுக்குக் காக்கத் தெரியாதா?" என்று அங்கே ஒரு தாய் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

பயன் இன்னதென்று அறியாத நிலையில் ஒப்பிடுவது குற்றமன்று என்போம். ஒப்பிடாவிடில், நல்ல விளைச்சல் கண்ட ஆண்டின் பலனைத் திட்டத்தின் பலனென்று நம்பி ஏமாந்திருப்போம். தாய்க்கு அது ஆறுதலாகாது. எனினும் நேர்மையான விடை அதுவே. பயன் தெரிந்துவிட்ட பிறகோ அந்த வாதமும் செல்லாது. ஆய்வின் முடிவு லான்செட் இதழில் வெளிவந்தது 1999இல். வீடு தேடிச் செல்லும் இப்பராமரிப்பை இந்திய அரசு நாடு தழுவிய திட்டமாக்கியதோ 2011இல்! ஓரிடத்தில் பலித்தது வேறிடத்திலும் பலிக்குமா என்று பார்ப்பது தேவைதான், மறுக்கவில்லை. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளா? அத்தனை ஆண்டுகளும் நாட்டின் எண்ணற்ற சிற்றூர்கள், அந்த 47 ஊர்களைப் போலவே காப்பின்றிக் கிடந்தன, எண்ணுவாரும் இன்றி.