உம் கொட்டியவன்

கதை எழுதுகிறவனுக்குப் படம் வரைகிற பைத்தியமும் சேர்ந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டந்தான். எழுதும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டுவிடலாம். 'உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று குழந்தைகள்கூட ஒதுங்கிப் போய்விடும். படம் அப்படியல்ல. அதற்கு வெளிச்சம் வேண்டும். திண்ணையிலோ கூடத்திலோ, நாலு பேர் வந்து போகிற இடத்தில்தான் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. உடம்பு எல்லோருக்கும் நடுவில் இருக்கும். மனம் எங்கே போயிருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

சென்ற ஆண்டு ஆடி மாதம் தென்காசிக்குப் போயிருந்தேன். என் அம்மா அங்கே என் தங்கையின் வீட்டில் இருக்கிறாள். 78 வயது. குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்ததால் தென்காசித் தெருக்களிலும் பகல் முழுவதும் சாரல் தெளித்துக்கொண்டேயிருந்தது. பத்து நாள் தங்குவதாக ஏற்பாடு. அம்மாவோடு இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இருந்தாலும் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே ஒரு மைப்புட்டியும், தொட்டெழுதும் பேனாக்கள் இரண்டும், தடித்த காகிதமும் எப்படியோ வந்துவிட்டிருந்தன.

வரைய ஆரம்பித்தது ஒரு யாளியை. எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் தூணுக்குத் தூண் யாளி பார்த்து வளர்ந்தவன் நான். என் யாளி சற்றுப் பேராசை பிடித்தது. முதுகில் ஓர் ஊரையே சுமந்துகொண்டு மலைச்சரிவில் நடக்கும். உடம்பில் செதிலுக்குச் செதில் ஒரு வீடு. வீட்டுக்கு வீடு ஒரு ஜன்னல். சில ஜன்னல்களில் விளக்கு.

மையில் வரைகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். பென்சில் கோட்டை அழிக்கலாம். மைக்கோட்டை அழிக்க முடியாது. ஒரு கோட்டின் நடுவில் கையை எடுத்தால் மறுபடி தொடங்கிய இடத்தில் முடிச்சு விழுந்தது போலத் தெரியும். நிழல் வேண்டுமென்றால் மயிரிழை மயிரிழையாய்ச் சின்னக் கோடுகளை நெருக்கிப் போட வேண்டும். முதல் வரிசை காயுமுன் குறுக்கே இன்னொரு வரிசை போட்டால் இரண்டும் ஒன்றாகி வழிந்துவிடும். சாரல் காலத்தில் மை சீக்கிரத்தில் காயவும் காயாது. ஆகவே இது அவசரப்பட முடியாத வேலை. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போகவும் முடியாத வேலை. அந்தச் சாக்கு எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மை என்றதும் ஒன்று நினைவு வருகிறது. இந்தியன் இங்க் என்று நாம் கடையில் வாங்குவதன் மூலச் சரக்கு வேறொன்றுமில்லை, கரிப்புகைதான். ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து எங்களுக்கெல்லாம் அம்மா கண்மை கூட்டியதும் அதே கரிப்புகையில்தான். கண்ணுக்கு இடுவதற்கும் காகிதத்தில் இடுவதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது சும்மா இல்லை.

அம்மா முதல் நாளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னலே அது, சிங்கமா ஆனையா?"

"ரெண்டுந்தாம்மா."

"ரெண்டுமா இருந்தா அது என்னத்தத் திங்கும்?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. சிங்கத்துக்கு இறைச்சி வேண்டும், யானைக்குத் தழை வேண்டும். இத்தனை நூற்றாண்டுகளாக யாளி செதுக்கிய ஸ்தபதிகளில் யாராவது இதை யோசித்திருப்பார்களோ என்னவோ.

தங்கையின் கணவர் கேட்டது வேறு. அவர் ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்ப்பவர். மாலையில் வீட்டுக்கு வந்து, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அத்தான், தப்பா நினைக்கக் கூடாது. இல்லாத மிருகத்துக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? எங்க ஆபீசுல இல்லாத மாட்டுக்குக் கடன் எழுதினா சீட்டையே கிழிச்சிருவாங்க."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. தர்க்கம் செய்வதற்கு ஆள் கிடைத்தால் படத்தைக்கூட மறந்துவிடுவேன். இல்லாததைச் சொல்வது வேறு, இருப்பதாகச் சொல்வது வேறு என்று ஆரம்பித்தேன். உலகத்தில் இல்லாத ஒன்றை உவமையாகக் காட்டுவதற்கு நம் இலக்கணக்காரர்கள் 'இல்பொருள் உவமை' என்று பெயரே கொடுத்து, அதை அணிகளில் ஒன்றாக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பொய்க்கும் கற்பனைக்கும் உள்ள வேற்றுமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரரின் காண்டாமிருகத்தைச் சொன்னேன். 1515-ஆம் ஆண்டு மே மாதம் நம் குஜராத்திலிருந்து ஒரு காண்டாமிருகம் கப்பலேறி லிஸ்பன் நகரத்தில் இறங்கியது. டூரர் இருந்தது தொலைவில், நியூரம்பர்க்கில். அவர் அதைக் கண்ணால் பார்க்கவேயில்லை. பார்த்த யாரோ எழுதியனுப்பிய வர்ணனையையும் ஒரு கோட்டுச் சித்திரத்தையும் வைத்துக்கொண்டு பேனாவும் மையுமாய் உட்கார்ந்து வரைந்தார். பிறகு மரக்கட்டையில் செதுக்க வைத்து அச்சிட்டார். போர்வீரனின் கவசம் போன்ற தோல். போதாதற்கு தோள்பட்டைக்கு மேல் இரண்டாவதாக ஒரு குட்டிக் கொம்பு! அந்தக் கொம்பு எந்தக் காண்டாமிருகத்துக்கும் கிடையாது. ஆனால் ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் காண்டாமிருகம் என்றால் இன்னதென்று தெரிந்துகொண்டார்கள்.

"ஆக, மாப்பிள்ளை," என்றேன், "இருக்கிற மிருகத்தை வரைந்தவர் ஊரை ஏமாற்றிவிட்டார், அவர் அறியாமலே. நம் யாளி ஒருத்தரையும் ஏமாற்றியதில்லை. அதைக் கண்டு எந்தக் குழந்தையும் காட்டுக்குத் தேடிப் போனதில்லை."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் பிற்பகல். அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் யாளியின் விலாப்புறத்தில் செதில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பேசத் தொடங்கினாள். நான் உம் கொட்டினேன்.

உம் கொட்டுவதைப் பற்றி நம் நாட்டில் விளக்கம் தேவையில்லை. கதை கேட்கிற குழந்தை உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் குழந்தை தூங்கிவிட்டது என்று அர்த்தம், கதையும் நின்றுவிடும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே அம்மாதான். 'நான் விழித்திருக்கிறேன், உன்னோடு வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்லுகிற மிகச் சிறிய வாக்கியம் அது. அன்று கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான இடங்களில்தான் சொல்லியிருக்க வேண்டும்; பழக்கம் அப்படி. ஆனால் என் காது அங்கே இல்லை. இரண்டு வரிசைச் செதில்கள் முடிந்தன. நான்கு ஜன்னல்களில் விளக்கேற்றினேன். அம்மா எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, என் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டு உள்ளே போனாள். அதைக்கூட நான் பெரிதாக எண்ணவில்லை.

கைபேசியைப் பார்த்துக்கொண்டே பெற்றோருக்கு உம் கொட்டுகிற பிள்ளைகளைக் கண்டித்து நான் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். பலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

இரவு சாப்பாட்டின்போது தங்கை சொன்னாள்: "அண்ணே, அம்மா இன்னைக்கு எட்டு மணிக்கே தூங்கிட்டா பாத்தீங்களா? உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாளாம். மனசு லேசாயிட்டுங்கா. பெரியவனப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே! என்னண்ணே சொன்னா?"

கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

பெரியவன் என்பது எனக்கு முன்னே பிறந்து நாலாவது வயதில் போய்விட்ட என் அண்ணன். நான் பிறந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. அவனுக்குப் புகைப்படம் கிடையாது. ஆவணி மாதத்தில் ஒரு நாள் அம்மா காரணம் சொல்லாமல் பட்டினி கிடப்பாள். அந்த நாள்தான் அவனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த ஒரே செய்தி. அவன் எப்படிப் போனான், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று அப்பா இருந்தவரைக்கும் யாரும் பேசியதில்லை. அவர் போன பிறகும் இல்லை. அத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்ததை அம்மா அன்று வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். வைத்த இடத்தில் நான் இல்லை.

"பழைய கதைதான்" என்று தங்கைக்குச் சொன்னேன். அது இரண்டாவது பொய்.

படுத்தபின் நினைவைத் துழாவிப் பார்த்தேன். செவலைப் பசு, வெந்நீர், கதவுத் தாழ்ப்பாள் என்று மூன்று சொற்கள் கிடைத்தன. நாவலாசிரியனுக்கு மூன்று சொற்கள் போதும். ஒரு கதையைக் கட்டிவிடலாம். இருட்டில் கட்டியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அது நன்றாக வந்ததுதான் என்னை மிகவும் வெட்கப்படுத்தியது.

மாப்பிள்ளைக்கு நான் சொன்ன பதில் அப்போது திரும்பி வந்து என் முன்னால் நின்றது. யாளி பொய்யல்ல என்றேன், சரிதான். ஆனால் அதே பலகையின் பக்கத்தில், அதே ஒரு மணி நேரத்தில், இல்லாத மாட்டுக்கு நான் கடன் எழுதியிருக்கிறேன். இல்லாத செவியை இருப்பதாகக் காட்டியிருக்கிறேன். கற்பனை செய்தவன் குற்றவாளி இல்லை, உம் கொட்டியவன் குற்றவாளி. இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதுதான் சங்கடம்.

அந்த டூரரே காண்டாமிருகத்துக்கு முந்தைய ஆண்டு, 1514 மார்ச்சில், தம் தாயைக் கரிக்கோலால் வரைந்திருக்கிறார். 63 வயது. பதினெட்டுப் பிள்ளைகள் பெற்று மூன்றே பேரை மிச்சம் கண்டவள். குழிந்த கன்னம், புடைத்த நெற்றி, கழுத்தெலும்பு எல்லாம் ஒளிவு மறைவின்றி இருக்கின்றன. மே மாதம் அவள் இறந்துபோனாள். அந்தச் செய்தியை அதே தாளில் பிற்பாடு மையால் எழுதிச் சேர்த்தார். பார்க்காத மிருகத்தை வரைந்த கை, பார்க்க வேண்டியவளையும் பார்த்துத்தான் இருக்கிறது. அவள் உட்கார்ந்திருந்தபோது ஏதாவது சொன்னாளா, அவர் கேட்டாரா என்று படம் சொல்லவில்லை.

இனி என்ன செய்வது? அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதா? அவள் மனம் இறங்கித் தூங்குகிறாள். 'நான் கேட்கவில்லை' என்று சொன்னால் என் நெஞ்சிலிருக்கும் கல்லை எடுத்து அவள் நெஞ்சில் வைப்பதாகும். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் பக்கத்தில் உட்காரலாம் என்று வள்ளுவர் இடம் கொடுத்திருக்கிறாரே என்று தோன்றியது. ஆனால் அந்த விதிவிலக்கைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் நன்மைக்காகவே தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். சொல்லாமல் இருந்தாலோ, அவள் இறக்கி வைத்த சுமை யார் தோளிலும் ஏறாமல் நடுவழியில் கிடக்கிறது. கோயிலில் நின்று சொல்லுகிறவர்களும் பதிலுக்கு உம்மை எதிர்பார்ப்பதில்லை, மனம் லேசாகித்தான் திரும்புகிறார்கள் என்றும் சமாதானம் செய்து பார்த்தேன். நான் கோயில் இல்லையே.

இரண்டு நாள் படத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, காப்பிக்குப் பிறகு, பின்கட்டில் அம்மா தனியாக இருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கு நீ சொன்னது எதையும் நான் கேக்கலை. உம் மட்டுந்தான் கொட்டினேன்."

அம்மா நிமிரவில்லை. "தெரியும்லா" என்றாள்.

"தெரிஞ்சா சொன்னே?"

"நீ கேட்டுக்கிட்டு இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்லே. மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வராது. உங்கப்பா அப்படித்தான் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாவ. ஒண்ணுஞ் சொல்ல முடியலை."

"இன்னொரு மட்டம் சொல்லேன், கேக்கேன்."

"சொல்லியாச்சு. போதும்."

இதைக் கேட்டு நான் நிம்மதியடைந்தேன் என்று எழுதினால் அது மூன்றாவது பொய்யாகும். குறி பார்க்காமல் எறிந்த கல்லில் மாங்காய் விழுந்தால் எறிந்தவன் வில்லாளியாகிவிட மாட்டான். என் கவனமின்மை அவளுக்கு உதவியிருக்கலாம். உதவுவதற்காக நான் கவனமில்லாமல் இருக்கவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. ஏமாந்தவர் ஒருவரும் இல்லையென்றால் பொய் எங்கே இருக்கிறது என்று வக்கீல்போல் வாதாடலாம். ஆனால் என் உம்மின் உள்ளே ஆள் இல்லை என்பதை அம்மா எத்தனை ஆண்டுகளாக அறிந்திருந்தால், அதையே ஒரு வசதியாகப் பயன்படுத்திக்கொள்ளத் துணிந்திருப்பாள்!

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் பிற்பகல் பலகையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூடத்தில் உட்கார்ந்தேன். யாளிக்கு வால் பாக்கி. அம்மா பக்கத்தில் வந்து முறத்தோடு உட்கார்ந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, பேனாவை மையில் தொடாமலே காகிதத்தின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன். காது முழுவதும் அம்மாவிடம் இருந்தது. அவள் பக்கத்து வீட்டு முருங்கை முறிந்து விழுந்ததைச் சொன்னாள். நாலாவது வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினேன்.

சற்று நேரத்தில் பேச்சு நின்றது. முறத்தில் கையை வைத்தபடி பலகையை எட்டிப் பார்த்தாள்.

"என்னலே, வெறும் பேனாவ இழுத்துக்கிட்டு இருக்க? மையத் தொட்டு வரை" என்றாள்.

தொட்டுக்கொண்டேன். வாலின் முதல் வளைவை ஆரம்பித்தேன். அம்மா விட்ட இடத்திலிருந்து, அந்தப் பெண்ணின் ஜாதகத்திலிருந்து, மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.