காசி ராசா எதற்கு?

மதுரை மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் மதுரை வீரன் நிற்கிறான். நம்ம சனங்களுக்குக் குலசாமி. ஆனால் அவன் கதையை எடுத்தால் முதலில் காசி ராசா வந்துவிடுகிறார். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் போட்டார்களாம், அருந்ததியர் வீட்டுப் புருசன் பெண்டாட்டி எடுத்து வளர்த்தார்களாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் அவன் அரசகுமாரன்தான். நாம வளர்க்கலாம், பெறக் கூடாது!

நெல்லைச் சீமையில் முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பார்ப்பனன் கட்டிக்கொண்ட வாலப்பகடையின் மகள்கள் இருவரும் பிறப்பால் பார்ப்பனப் பெண்களே என்று ஒரு ஒட்டு. அது பின்னால் சேர்த்தது என்று நா. வானமாமலை எடுத்துக்காட்டினார்.

அப்படியென்றால் வரலாற்றில் கற்பனை கலக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல முடியவில்லை. 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் பாடிய நந்தனுக்கு வேதியர் என்று ஒரு ஆண்டை கிடையாது. அவர் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தன் கீர்த்தனைக்காக உண்டாக்கிய ஆள். புராணம் பேசாத பண்ணையடிமைத்தனம் அந்தக் கற்பனை ஆளின் வாயால்தான் வெளியே வந்தது. (பாரதி அதை எந்த நோக்கத்தில் செய்தார் என்பது தனிச் சண்டை.)

இதையெல்லாம் எழுதுகிற நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். சில வருசத்துக்கு முன் திருமங்கலம் பக்கம் ஒரு காலனியில் வீதி நாடகம் போட்டோம். காசி ராசாவைத் தூக்கி எறிந்தோம். அதோடு நிற்காமல், திருமலை நாயக்கர் காலத்து ஓலை ஒன்றில் வீரனின் சாதி எழுதியிருப்பதாக ஒரு வசனம் வைத்தேன். அப்படி எந்த ஓலையையும் நான் பார்த்ததில்லை. நானே கட்டினது. நல்ல கைதட்டல்.

நாடகம் முடிந்து பறையைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து, "அந்த ஓலைய எங்க பாக்கலாம் தம்பி? எம் பேரன் காலேசு படிக்கிறான், காட்டணும்" என்றது. எனக்கு வாய் எழும்பவில்லை.

பாட்டிக்கு வீரன் யார் பிள்ளை என்று தெரிய ஓலை வேண்டியதில்லை. அது காலகாலமாகப் பொங்கல் வைக்கிற சாமி. ஓலை வேண்டியிருந்தது எனக்கு. எழுதி வைத்ததுதான் வரலாறு என்று நம்மை விரட்டுகிறவன் கிட்டேயே போய் நான் முத்திரை கேட்டிருக்கிறேன். காசி ராசாவை நுழைத்தவனும் இப்படி ஒரு முத்திரைக்குத்தானே அலைந்தான்?

அடுத்த ஊரில் ஓலையை எடுத்துவிட்டோம். மாறுகால் மாறுகை வாங்கின பிறகு வளர்த்தவள் மகனைத் தேடி மதுரைக்கு வருவதாக ஒரு காட்சி சேர்த்தோம். அதுவும் கற்பனைதான். "இது நாங்க கட்டினது" என்று பறையடித்துச் சொல்லிவிட்டே ஆரம்பித்தோம். கைதட்டல் குறைவு. பெண்கள் எழுந்து போகவில்லை.

அந்தப் பாட்டியைப் பார்த்து உண்மையைச் சொல்ல நான் இன்னும் திருமங்கலம் பக்கம் போகவில்லை.